நேர்காணல் பீரோவில் ஒரு சந்தன டப்பா

ஜூலை மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு அந்தப் பீரோவின் சாவி என் கைக்கு வந்தது. நேரத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு என் நினைவாற்றல் காரணமன்று. சாவி வாங்குபவர் வாங்கிய நேரத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் பொறுப்பாளர் ஜெசிந்தா மேடம் வைத்திருந்த முறை. பீரோவின் உட்கதவில் நூலில் தொங்கிய நோட்டில் என் பெயருக்கு மேலே ஆறு பெயர்கள் இருந்தன. சென்ற வாரம் எனக்குக் கீழே, என் இடத்துக்கு வந்த பவித்ரா கையெழுத்திட்டாள்.

திண்டுக்கல்லில் நான் படித்த பெண்கள் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், சன்னலோரமாக நிற்கும் பச்சை இரும்புப் பீரோ அது. நேர்காணலுக்குப் போகும் மாணவிகளுக்கு இரவல் கொடுக்க ஒன்பது சுடிதார்கள், நான்கு சின்னாளபட்டிப் பருத்திச் சேலைகள், வெவ்வேறு அளவில் ஆறு சோடிச் செருப்புகள், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஊக்கு நிறைந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பா ஆகியவை அதில் உண்டு. அவற்றைப் பராமரிப்பதும், நேர்காணல் நாளன்று காலையில் ஒவ்வொரு மாணவியின் உடையையும் பார்த்து அனுப்புவதும், பல சமயம் கூடவே போவதும் படித்துக்கொண்டே செய்யும் பகுதிநேரப் பணி. இளங்கலை இறுதியாண்டில் தொடங்கி, முதுகலைத் தமிழ் முடியும்வரை மூன்று ஆண்டுகள் அதைச் செய்தேன். இருபத்து மூன்று வயதில் பணி ஓய்வு என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வேறு சொல் பொருந்தவில்லை.

சாவியை வாங்கிய பவித்ரா கேட்டாள்:

“அக்கா, இப்பப் பாதி இன்டர்வியூ லேப்டாப்புலதான நடக்குது? மேல மட்டும் பாத்தாப் போதும்ல?”

“போதாது.”

“அம்புட்டுத்தானா பதிலு? இதுக்குத்தான் சொல்றேன், எழுதிக் குடுத்துட்டுப் போங்க. நீங்க பேசுனா ரெண்டு வார்த்தைக்கு மேல வராது.”

அவள் சொன்னது உண்மை. அதனால் எழுதுகிறேன்.

ஜெசிந்தா மேடம் இருபத்தெட்டு ஆண்டுகள் வணிகவியல் கற்பித்துவிட்டு இந்த அலுவலகத்துக்கு வந்தவர். எனக்கு அவர் அளித்த பயிற்சி இரண்டு வாரத்தில் முடிந்தது. அதில் முதல் வாரம் முழுவதும் நான் எதையும் செய்யவில்லை. அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் எந்த மாணவியையும் முகத்திலிருந்து பார்க்கத் தொடங்கியதில்லை. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, செருப்பிலிருந்து மேல்நோக்கி மெதுவாக வருவார்.

“கால்ல இருந்து ஆரம்பி. மூஞ்சியில இருந்து ஆரம்பிச்சேன்னு வையி, அந்தப் பிள்ள அழகா இருக்கா இல்லையான்னு மனசு பாக்கப் போயிரும். அது நம்ம வேல இல்ல.”

துணியைப் பற்றி மட்டுமே பேச வேண்டும், உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவருடைய இன்னொரு விதி. நிறம், உயரம், பருமன், பரு எதுவும் எங்கள் வாயில் வரக் கூடாது. “இந்தத் தையல் தோள்ல இழுக்குது” என்று சொல்லலாம். “உனக்குத் தோள் அகலம்” என்று சொல்லக் கூடாது. “நல்லா இல்ல” என்று அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை. “இன்னொரு தடவ கண்ணாடியப் பாத்துட்டு வாங்க” என்பார். நேர்காணல் நாள் காலையில் மட்டும் எல்லா மாணவிக்கும் வாங்க, போங்கதான். எவரையும் அவர் தொடவும் மாட்டார். மடிப்பு கலைந்திருந்தால் ஊக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். அவர்களே குத்திக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகள் நானும் அப்படியே ஊக்கை நீட்டினேன். இயல்பிலேயே யாரையும் தொட்டுப் பேசாத எனக்கு அந்த விதி நிம்மதியாக இருந்தது.

உடுத்தி வந்த பிறகு நான்கு வேலைகள் செய்து காட்ட வேண்டும். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு அதன் கீழே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். துப்பட்டா பறந்தால் தோளில் ஊக்கு. கரும்பலகையின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். கீழே கிடக்கும் பேனாவைக் குனிந்து எடுக்க வேண்டும். பின்பக்கப் படிகளில் ஏறி இறங்க வேண்டும். நான்காவதில்தான் பெரும்பாலோர் மாட்டுவார்கள். சேலையின் முன்கொசுவத்தைக் காலால் மிதித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “வீட்ல மாடிப்படி இருந்தா மிதிக்காமப் பழகிருக்கும், இல்லையா மேடம்?” என்று ஒருத்தி கேட்டாள். “அதுக்குத்தான் இங்க படி இருக்கு” என்றார் மேடம்.

இந்த விவரங்களெல்லாம் பதினொரு வரிகளில், அவருடைய சாய்வில்லாத கையெழுத்தில், ஒரு அட்டையில் எழுதப்பட்டு உட்கதவில் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றுள் எனக்குப் பிடித்தது ஆறாவது வரி: மணம் ஆளுக்கு முன்னால் அறைக்குள் போகக் கூடாது. நிலக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் நாலு முழம் மல்லிகையோடு வருவார்கள். மேடம் பூவே வேண்டாம் என்று சொன்னதில்லை. மல்லிகைக்குப் பதிலாக மணமில்லாத கனகாம்பரம் வைத்துக்கொள்ளச் சொல்வார்.

கொலுசு விஷயத்தில் ஒருமுறை ஒரு மாணவியின் தாயார் அய்யலூரிலிருந்து நேரில் வந்துவிட்டார்.

“கன்னி கழியாத புள்ளைய வெறுங்காலோட அனுப்பச் சொல்றீகளாமே? எங்க பக்கம் அப்படிப் பழக்கம் கெடையாதுங்க.”

“கழட்ட வேண்டாங்கம்மா. கொலுசு இருக்கட்டும். சத்தம் மட்டும் வேண்டாம்.”

“சத்தம் வராம எப்படிங்க கொலுசு?”

மேடம் கறுப்பு நூல்கண்டை நீட்டினார். அந்தத் தாயார் தரையில் அமர்ந்து, மகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணியாக நூல் சுற்றினார். முடித்ததும், “நட ஆத்தா, பாப்போம்” என்றார். சத்தமே இல்லை. “அடியே, திருட்டுப் பூன மாதிரில்ல போற!” என்று சிரித்தவர், மீதி நூல்கண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இணையவழி நேர்காணல்கள் வந்தபோது மேல்பாதி போதும் என்று நானும் ஒரு கணம் நினைத்ததுண்டு. எங்கள் அலுவலகத்துச் சுவர் தோளுயரத்துக்குப் பச்சைப் பெயின்ட் பூசியது. ஒரு மாணவிக்கு இலைப்பச்சைச் சுடிதார் கொடுத்து அந்தச் சுவரின் முன்னால் அமர்த்தினேன். திரையில் ஒரு தலையும் இரண்டு கைகளும் மட்டும் மிதந்தன. மறுமுனையில் இருந்தவர், “மேடம், உங்க கேமரால ஏதோ பிரச்சனை” என்றார். அன்றிலிருந்து சுவரும் உடையைச் சேர்ந்ததே என்று கொண்டிருக்கிறேன். பவித்ரா கவனிக்க.

இனி நாகஜோதி.

வடமதுரைக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பெண்; வணிகவியல் மூன்றாமாண்டு. யாரைப் பார்த்தாலும் அவரைப் போலவே பேசிக் காட்டுவாள். அவளுடைய அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து ஏழு மாதம் படுக்கையில் இருந்தவர். வெளியூர் வேலைகள் இரண்டு அவளுக்கு வந்தன. ஒன்று சென்னை, ஒன்று ஓசூர். மாலையில் வீடு திரும்பி அப்பாவை நடக்கப் பழக்க வேறு ஆளில்லை என்பதால் இரண்டையும் விட்டாள். திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் மருத்துவமனை, வரவேற்பு மேசைக்கு ஆள் கேட்டிருந்தது. பேருந்தில் போய் வரக்கூடிய ஒரே வேலை அது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேர்காணல்.

திங்கட்கிழமை பிற்பகல் அவள் அலுவலகத்துக்குள் வந்தாள். நான் வழக்கம்போலச் செருப்பிலிருந்து தொடங்கினேன். செருப்பு சரி. கால்சட்டையின் நீளம் சரி. துப்பட்டா சரி. பார்வை மேலே போனது. தலை முழுவதும் மழித்து, மஞ்சள் சந்தனம் பூசியிருந்தது.

“கோவிச்சுக்கிறாதீங்கக்கா. பழனி.”

“பூமுடி கொடுத்தால் போதாதா?” என்றேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் பெரும்பாலும் நுனியில் ஒரு கற்றையைக் கத்தரித்துக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

“பூமுடின்னு நேந்திருந்தா அது. நான் முழுசா நேந்துட்டேன்ல. அப்பா எந்திரிச்சு எட்டு வச்சு நடந்துட்டாரு. மாமா வேனு நேத்துத்தான் சும்மா நின்னுச்சு. பெறகு அடுத்த மாசம் வரைக்கும் வண்டி இல்லன்னாரு.”

ஜெசிந்தா மேடம் தங்கை மகளின் திருமணத்துக்காக மதுரையில் இருந்தார். மூன்று முறை அழைத்தும் எடுக்கவில்லை. அட்டையைப் பார்த்தேன். ஒன்பதாவது வரி கூந்தலைப் பற்றியது: ஒற்றைப் பின்னல், கறுப்பு ரப்பர், நெற்றியில் முடி விழக் கூடாது. கூந்தலே இல்லாத தலையைப் பற்றி எந்த வரியும் இல்லை. கூந்தல் உடையைச் சேர்ந்தது என்றால் மொட்டைத்தலை உடம்பைச் சேர்ந்ததா? அப்படியென்றால் நான் வாயே திறக்கக் கூடாது. ஆனால் வேலையோ, மருத்துவமனை வாசலில் எல்லார் கண்ணிலும் படும் மேசை. பேசாமல் அனுப்ப எனக்குத் துணிவில்லை.

முதலில், ஆண்டு விழாக்களுக்கு நடன உடை வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குச் சென்று ஒரு டோப்பா வாங்கி வந்தேன். அதன் பின்னல் முழங்கால்வரை தொங்கியது; முடிவில் மூன்று குஞ்சலங்கள், பிரிக்க முடியாதபடி தைத்திருந்தார்கள். நாகஜோதி அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

“சரிதாங்கக்கா. ‘உனக்கு என்னம்மா தெரியும்?’னு கேட்டா ஒரு ஆட்டம் போட்டுக் காட்டிட்டு வந்துருவேன்.”

அதைக் கழற்றிவைத்தோம். பிறகு பீரோவிலிருந்து கருநீலத் துப்பட்டா ஒன்றை எடுத்துத் தலையைச் சுற்றி இறுக்கமாக, சுருக்கமின்றிக் கட்டச் சொன்னேன். சந்தனம் துணியில் ஒட்டியது. போதாதற்கு ஆறாவது வரி வேறு நினைவுக்கு வந்தது: மணம் ஆளுக்கு முன்னால் போகக் கூடாது. “நாளைக்குச் சந்தனத்தைக் கழுவிவிட்டு வா” என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து, சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கு நான்கு மாணவிகளோடு மருத்துவமனையை அடைந்தேன். வாசலில் ஒரு சிறிய பிள்ளையார் கோயில். நாகஜோதி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வருவதாகச் சொன்னாள். மற்ற மூவரோடு நான் இரண்டாம் மாடிக்குச் சென்று பெயர்களைப் பதிவு செய்தேன். பத்து நிமிடம் ஆயிற்று, அவள் வரவில்லை. கீழே இறங்கினேன்.

வெளிநோயாளிகள் வரிசையில், இருமிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கும் கையில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணுக்கும் நடுவே நாகஜோதி அமர்ந்திருந்தாள். கையில் பதினான்காம் எண் டோக்கன். மடியில் யாரோ கொடுத்த ஒரு ஆரஞ்சு.

“இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?”

“எந்திரிச்சா மறுபடி உக்கார வைக்கிறாகக்கா.”

“உன் சான்றிதழ்கள்?”

“டாக்டரு ரூமுக்குப் போயிருச்சு.”

அவளுடைய இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் உறையும் நோயாளிகளுக்கு அந்த மருத்துவமனை கொடுக்கும் உறையும் ஒரே நிறம். காவல் பணியில் இருந்த பெண் அதை வாங்கி, ஆறாம் எண் அறைக்குப் போகும் அடுக்கில் வைத்துவிட்டாராம். அவரே இப்போது என்னை நோக்கி வந்தார். முப்பது வயதுக்கு மேலிராது. காக்கிச் சேலை, தோளில் வாக்கிடாக்கி.

“நீதான் கூட வந்த ஆளா? இப்படிப்பட்ட புள்ளைய வாசல்ல விட்டுட்டு நீ எங்க போன? படியில தடுமாறி விழுந்திருந்தா?”

“இவர் நோயாளி இல்லை. நேர்காணலுக்கு வந்தவர்” என்றேன். பதற்றத்தில் எனக்கு ஏட்டுத் தமிழ்தான் வரும்.

“அப்பத் தலையில என்னத்துக்குத் துணி?”

நாகஜோதி துப்பட்டாவை உருவினாள். “பழனிக்கா. முந்தாநாளு.”

அந்தப் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடி ஆத்தீ! பழனி மொட்டையவா இப்படி மூடிக் கூட்டியாந்தீக? சந்தனம் எங்கடி? சந்தனம் இருந்திருந்தா நான் எதுக்கு ஒன்னையக் கையப் பிடிச்சு உக்கார வைக்கப் போறேன்? மனசுக்குள்ள எம்புட்டு வேதனப்பட்டேன் தெரியுமா!”

அந்த இடத்தில்தான் என் பிழை எனக்கு முழுதாகத் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் சந்தனம் பூசிய மொட்டையைப் பார்த்தவுடன் யாரும் இரக்கப்படுவதில்லை, “பழனியா?” என்று சிரிப்பார்கள். சந்தனத்தைக் கழுவித் துணியால் மூடினால் அதே தலை நோயைச் சொல்லும். அந்தத் தலைக்கு உரிய உடையைக் களைந்துவிட்டு, சுருக்கமில்லாத ஒரு பொய்யை நான் கட்டி அனுப்பியிருந்தேன். அதுவும் மருத்துவமனைக்கு.

“மணி பத்தாகப் போகுது. பிள்ளையாருக்கு அரச்ச சந்தனம் கிண்ணத்துல இருக்கும், ஓடு” என்றார் அவர். ஓடினேன். வழியில் யாரும் ஓடக் கூடாது என்று எழுதியிருந்ததைத் திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்.

கிண்ணத்தை நாகஜோதியிடம் நீட்டினேன், ஊக்கை நீட்டுவதுபோல. அவள் விரலைத் தோய்த்து உச்சியில் தடவினாள். கண்ணாடி இல்லை, பின்தலை அவளுக்குத் தெரியவில்லை, அவசரத்தில் காதில் வழிந்தது. “போச்சுக்கா. திட்டுத் திட்டா இருக்கா?” என்றாள்.

கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு நானே பூசினேன். மூன்று ஆண்டுகளில் நான் தொட்ட முதல் மாணவி அவள்தான். தலை நான் நினைத்ததைவிடச் சூடாக இருந்தது. பின்பக்கம் கத்தி பட்ட இரண்டு சிறு கீறல்கள். அவற்றின் மேல் சந்தனம் பட்டபோது “ஸ்ஸ்” என்றாள். நெற்றி ஓரத்தில் ஒரே கோடாக, காதுக்குப் பின்னால் பிசிறின்றி, கழுத்தில் வழியாமல் பூசி முடித்தேன். காவல் பணியிலிருந்த பெண் வாக்கிடாக்கியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். “இப்பத்தான் ஆளு மாதிரி இருக்க. போ தாயி. லிப்டுல போ, படின்னா வேர்க்கும்.”

மாடியில் அவள் பெயரை இரண்டாம் முறை அழைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு மூடியது. இருபத்தைந்து நிமிடம் நான் படியில் அமர்ந்திருந்தேன். விரல்களில் சந்தனம் காய்ந்து இழுத்தது. இந்த வேலை கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் அவளுடைய மொட்டையன்று, என்னுடைய துப்பட்டா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

உள்ளே நடந்ததை வடமதுரைப் பேருந்து புறப்படும்வரை அவள் எனக்கு நடித்தே காட்டினாள். மூவர் இருந்தார்களாம்: ஒரு மருத்துவர், ஒரு நிர்வாக அலுவலர், கோயம்புத்தூர்க்கார அம்மையார் ஒருவர்.

“அந்த அம்மா மொதக் கேள்வியே, ‘ஏனுங்க, பழனிக்குங்களா?’ன்னாங்க. ‘ஆமாங்க’ன்னேன். ‘சர்டிபிகேட் கொண்டாந்திருக்கீங்களா?’ன்னாங்க. ‘ஆறாம் நம்பர் டாக்டர் ரூம்ல இருக்குங்க’ன்னேன். மூணு பேரும் முழிக்கிறாகக்கா!”

நிகழ்ந்ததை அவள் அப்படியே சொன்னாளாம். ஆள் அனுப்பி உறையை வரவழைத்தார்கள். ஆறாம் எண் அறை மருத்துவர் அதன்மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தார்: நோய் எதுவும் தென்படவில்லை, கணக்கியலில் மதிப்பெண் நன்று. நிர்வாக அலுவலர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தாராம்.

“பெறகு அந்த டாக்டரு சாரு கேட்டாரு, ‘வரவேற்புல உக்காந்திருக்க. ஒருத்தர் வாராரு. மொதல்ல என்னம்மா செய்வ?’ன்னு.”

“நீ என்ன சொன்னாய்?”

“‘எதுக்கு வந்திருக்கீங்கன்னு கேப்பேன் சார்’னேன். ‘எல்லாரும் அதத்தான சொல்றாங்க’ன்னாரு. ‘இல்லைங்க சார், காலையில என்னையப் பாத்து எல்லாரும் பாவப்பட்டாக, தண்ணி குடுத்தாக, ஆரஞ்சு குடுத்தாக. எதுக்கு வந்தேன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா நான் பத்து மணிக்கே மாடிக்கு வந்திருப்பேன்’னேன்.”

அந்த ஆரஞ்சை உரித்துப் பாதியை எனக்குக் கொடுத்தாள். கேட்காதவர்களின் வரிசையில் முதல் ஆள் நான்தான் என்று அவள் சொல்லவில்லை. முந்தைய நாள் அவள் ஏதோ சொல்ல வந்தாளே, அது என்னவென்று அப்போதுதான் கேட்டேன்.

“சந்தனத்தக் கழுவச் சொன்னீங்கள்ல? ‘மூணு நாளைக்குக் கழுவக் கூடாதுன்னு அம்மா சொல்லுச்சே’ன்னு சொல்ல வந்தேன். நீங்க அட்டையப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

மாலை ஐந்தரைக்கு அலுவலகத் தொலைபேசி அடித்தது. கோயம்புத்தூர் அம்மையார். படிப்பு முடிந்ததும் ஜூன் முதல் தேதி அவள் வந்து சேரலாம் என்றார். “அதுக்குள்ள முடி வளந்துருமுங்க. வளராட்டியும் பரவால்லைங்க” என்றார். நாகஜோதிக்குச் சொன்னேன். மறுமுனையில் அவள் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அவர் நடக்கும் சத்தம், கைத்தடி தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. யாரிடமோ சொல்லப் போய்க்கொண்டிருந்தார் போலும்.

இரவு உணவுக்கு முன் ஜெசிந்தா மேடம் அழைத்தார். டோப்பா உட்பட எதையும் மறைக்காமல் சொன்னேன். திருமண வீட்டின் நாதஸ்வரம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது.

“தொட்டியா?” என்றார்.

“தொட்டேன் மேடம்.”

“ஊக்குக்குத்தான் நான் அந்த விதி வச்சேன். சந்தனத்துக்கு வைக்கல.” பிறகு, “நாலு விரல்லயும் பூசுனியா, ஒரு விரல்லயா?”

“நாலு.”

“அதான் சரி. ஒரு விரல்னா கோடு கோடா விழும்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை டோப்பாவைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, அதே வீதியில் ஒரு சிறிய டப்பா சந்தனத்தூள் வாங்கினேன். எட்டு மணி நாற்பதுக்குப் பீரோவைத் திறந்து, அதை ஊக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அன்றைய முதல் மாணவி விசிறிக்குக் கீழே, பார்ப்பதற்கு வசதியாகக் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணைக் கீழே இறக்குவதற்கு முன், அவளை உட்காரச் சொல்லி, எந்த வேலைக்குப் போகிறாள் என்று கேட்டேன்.